பாலும் தயிரும் சேராத குழைவான சாலட் டிரெஸ்ஸிங்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பால் பொருள்களைத் தவிர்க்க வேண்டிய நிலையில் இருப்பவர்கள், சாலடுக்கு எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் மட்டுமே மிச்சம் என்று மனம் தளர்ந்து எழுதுகிறார்கள். அந்தத் தளர்ச்சிக்கு இடமே இல்லை என்பது என் உறுதியான கருத்து. தயிர், கிரீம், பாலாடைக்கட்டி ஆகிய மூன்றும் இல்லாமல் குழைவான டிரெஸ்ஸிங்கை வீட்டில் தயாரிப்பது தொடர்பாக வந்த கேள்விகள் இந்த இதழில் இடம்பெறுகின்றன.

கேள்வி: தயிரோ கிரீமோ சேர்க்காமல் டிரெஸ்ஸிங் எப்படிக் குழைவாக வரும்? கெட்டியாக்குவதற்கு மாவு எதையாவது கரைத்து ஊற்ற வேண்டுமா?

பதில்: மாவு வேண்டாம். மாவு கெட்டித்தன்மையைத் தருமே தவிர, நாவில் வழுக்கிச் செல்லும் அந்த மென்மையைத் தராது. கிரீமில் அந்த மென்மை எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், நீரில் மிக நுண்ணிய கொழுப்புத் துளிகள் பரவி நிற்பதும், அவை ஒன்றோடொன்று சேர்ந்து மேலே மிதந்துவிடாதபடி புரதமும் பிற பொருள்களும் ஒவ்வொரு துளியையும் சூழ்ந்து காப்பதுமே காரணம் என்பது விளங்கும். இவ்வாறு ஒன்றில் ஒன்று கரையாத இரண்டு திரவங்கள் நுண்துளிகளாகக் கலந்து நிற்கும் நிலையைப் பால்மம் என்பார்கள். பாலில் இது இயற்கையாக அமைந்திருக்கிறது. நாம் அதையே கொட்டைகளையும் விதைகளையும் கொண்டு உருவாக்கிக்கொள்ளலாம், ஏனெனில் அவற்றிலும் கொழுப்பும் புரதமும் சேர்ந்தே இருக்கின்றன.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. கொழுப்பு மிகுந்த முந்திரி, எள், சூரியகாந்தி விதை போன்றவற்றை நீரோடு மிக நைசாக அரைப்பது முதல் வழி. சோயாப் பால் போன்ற புரதம் உள்ள திரவத்தில் எண்ணெயைச் சிறிது சிறிதாக அடித்துச் சேர்ப்பது இரண்டாவது வழி. முதல் வழியில் வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது துகளின் அளவு. துகள்கள் ஏறத்தாழ 30 மைக்ரானுக்கு (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கீழே சென்றுவிட்டால் நாக்கு அவற்றைத் தனித்தனியாக உணர்வதில்லை. சாக்லேட் தயாரிப்பவர்கள் அந்த அளவுக்கு அரைப்பதும் இதனால்தான். வீட்டு மிக்ஸியில் அவ்வளவு நைசாக வருவது கடினம் என்றாலும், நன்றாக ஊறிய பருப்பை நிதானமாக அரைத்தால் போதிய அளவு நெருங்கிவிடலாம்.

கேள்வி: முந்திரியை அரைத்துச் செய்து பார்த்தேன். திப்பித்திப்பியாகவும் சுவையற்றும் இருந்தது. அளவுகளோடு முறையாகச் சொல்லுங்கள்.

பதில்: வறுக்காத, உப்புச் சேர்க்காத முந்திரி ஒரு கப் எடுத்துக்கொள்ளுங்கள். உடைந்த முந்திரியே போதும். அதைக் குளிர்ந்த நீரில் குறைந்தது 4 மணி நேரம் ஊறவிடுங்கள். அவசரம் என்றால் கொதிக்கும் நீரை ஊற்றி மூடி 20 நிமிடம் வைத்தால் ஏறக்குறைய அதே மென்மை கிடைக்கும். ஊறிய நீரை முழுவதும் வடித்துவிடுங்கள். அரைப்பதற்கு முக்கால் கப் குளிர்ந்த நீர், 3 மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, ஒரு தேக்கரண்டி கடுகு விழுது, ஒரு சிறிய பூண்டுப் பல், முக்கால் தேக்கரண்டி உப்பு ஆகியவை தேவை. இன்னும் செழுமையாக வேண்டுமென்றால் வாசனையற்ற எண்ணெய் 2 மேசைக்கரண்டி சேர்க்கலாம். சேர்க்காவிட்டாலும் குறையில்லை, ஏனெனில் முந்திரியின் எடையில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் கொழுப்புதான்.

திப்பி ஏற்படுவது பெரும்பாலும் எல்லா நீரையும் ஒரேயடியாக ஊற்றிவிடுவதால்தான். கலவை நீர்த்திருந்தால் பருப்புத் துண்டுகள் பிளேடுக்கு அகப்படாமல் நீரோடு சுற்றிக்கொண்டே இருக்கும். ஆகவே முதலில் கால் கப் நீர் மட்டும் சேர்த்துக் கெட்டி விழுதாக அரைத்து, ஜாரின் ஓரங்களில் ஒட்டியதை வழித்து உள்ளே தள்ளி, மீண்டும் அரைத்து, அதன் பிறகே மிச்ச நீரையும் எலுமிச்சைச் சாற்றையும் பிறவற்றையும் சேர்க்க வேண்டும். சிறிதளவை எடுத்து இரண்டு விரல்களுக்கிடையே தேய்த்துப் பாருங்கள். மணல்போல் ஏதும் தட்டுப்பட்டால் இன்னும் அரைக்க வேண்டும். தொடர்ந்து ஓடும் மிக்ஸி சூடாகும் என்பதால் இடையிடையே நிறுத்தி ஆறவிடுங்கள். முந்திரியில் மாவுச்சத்தும் கணிசமாக இருப்பதால், கலவை மிகவும் சூடேறினால் கூழ்போல் இறுகிவிடும். சூடான சாஸுக்கு அது நல்ல குணம், சாலடுக்கு வேண்டாம்.

அடுத்தது சுவை. உங்கள் கடிதத்தில் ‘சுவையற்று’ என்ற சொல்லே என்னை அதிகம் கவனிக்க வைத்தது, ஏனெனில் குழைவை எட்டியவர்கள்கூடப் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நின்றுவிடுகிறார்கள். தயிரை நீக்கும்போது அதன் குழைவோடு அதிலிருந்த லாக்டிக் அமிலத்தின் மென்மையான புளிப்பும், பாலுக்குரிய மெல்லிய இனிப்பும், பாலாடைக்கட்டியாக இருந்தால் அதன் உப்பும் ஆழ்ந்த சுவையும் சேர்ந்தே போய்விடுகின்றன. முந்திரி இவற்றில் எதையும் தானாகத் தராது. எலுமிச்சைச் சாற்றின் புளிப்பு கூர்மையானது. அதில் ஒரு பங்கை ஆப்பிள் வினிகராக மாற்றினால் புளிப்பு உருண்டு வரும். கால் தேக்கரண்டிச் சர்க்கரை சேருங்கள்; இனிப்பாகத் தெரியாது, ஆனால் இல்லாவிட்டால் ஏதோ குறைவதாகத் தெரியும். பாலாடைக்கட்டியின் ஆழ்ந்த சுவைக்குக் காரணமான குளூட்டமிக் அமிலம், சமையலுக்கென்று செதிலாக விற்கப்படும் ஊட்ட ஈஸ்டிலும், சோயாவைப் புளிக்கவைத்துச் செய்யும் மிசோ விழுதிலும் இருக்கிறது. இவற்றில் ஒன்றை ஒரு மேசைக்கரண்டி சேர்த்தால் டிரெஸ்ஸிங்கின் தன்மையே மாறிவிடும். மிசோவைச் சேர்த்தால் உப்பைப் பாதியாகக் குறையுங்கள். சில மிசோ வகைகளில் பார்லி இருப்பதால், கோதுமை, பார்லி போன்ற தானியங்களிலுள்ள குளூட்டன் என்ற புரதத்தைத் தவிர்ப்பவர்கள் லேபிளைப் படித்து வாங்குவது நல்லது.

அரைத்தவுடன் ருசி பார்த்து முடிவு செய்துவிடாதீர்கள். அரை மணி நேரம் குளிரவைத்தால் பூண்டும் உப்பும் கலவை முழுவதும் பரவி, சுவை வேறாக இருக்கும். குளிர்ச்சியில் கெட்டித்தன்மையும் கூடும். ஒவ்வொரு மேசைக்கரண்டியாக நீர் சேர்த்துத் தளர்த்திக்கொள்ளலாம்.

கேள்வி: என் மகனுக்குப் பால் ஒவ்வாமை இருக்கிறது, முந்திரியும் ஆகாது. லாக்டோஸ் நீக்கிய தயிரைப் பயன்படுத்தலாமா? வேறு வழி உண்டா?

பதில்: லாக்டோஸ் நீக்கிய தயிரைத் தயவுசெய்து கொடுக்காதீர்கள். லாக்டோஸ் ஒவ்வாமல் போவது வேறு, பால் ஒவ்வாமை வேறு. லாக்டோஸ் என்பது பாலிலுள்ள சர்க்கரை. அதைச் செரிக்கும் லாக்டேஸ் என்ற நொதி குறைவாக இருப்பவர்களுக்கு வயிற்று உப்புசமும் பேதியும் வரும். பால் ஒவ்வாமையோ, பாலிலுள்ள கேசின், வே ஆகிய புரதங்களுக்கு எதிராக உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பு கிளம்புவதால் வருவது. சிறிய அளவு பால்கூடச் சிலருக்கு உயிருக்கு ஆபத்தான நிலையை ஏற்படுத்தும். லாக்டோஸ் நீக்கிய பாலிலும் தயிரிலும் அந்தப் புரதங்கள் அப்படியே இருக்கின்றன.

கடையில் வாங்கும் எந்தப் பொருளிலும் கேசின், கேசினேட், வே, பால் திடப்பொருள், மோர்ப் பொடி ஆகிய பெயர்கள் உள்ளனவா என்று பாருங்கள். பால் அல்லாதது என்ற பொருளில் ‘நான்-டெய்ரி’ என்று அச்சிட்ட சில கிரீமர்களிலும் சோடியம் கேசினேட் இருப்பதுண்டு என்பதால், முன்பக்கத்து விளம்பர வாசகத்தை நம்பாமல் பின்பக்கத்துப் பொருள் பட்டியலை நம்புங்கள்.

முந்திரிக்குப் பதிலாக எந்தக் கொட்டையையும் நீங்களாகத் தேர்ந்தெடுக்க வேண்டாம். முந்திரியும் பிஸ்தாவும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒன்று ஒவ்வாதவர்களுக்கு மற்றதும் ஒவ்வாமல் போவது மிகவும் சாதாரணம். எள்ளும் சோயாவும்கூட ஒவ்வாமையை ஏற்படுத்தக்கூடியவையே. உங்கள் மகனைப் பார்க்கும் மருத்துவரிடம் எவையெவை பாதுகாப்பானவை என்று கேட்டறிந்த பிறகு, அவர் தடை சொல்லாவிட்டால், தோல் நீக்கிய சூரியகாந்தி விதையை முயலுங்கள். அதை இரவு முழுவதும் ஊறவைத்து, நீரை வடித்து அலசி, முந்திரிக்குச் சொன்ன அதே அளவில் அரைக்கலாம். நிறம் சற்றே சாம்பலாகவும், பின்சுவை லேசான மண்வாசனையோடும் இருக்கும். ஒரு கைப்பிடி பார்ஸ்லி அல்லது துளசி வகைக் கீரையைச் சேர்த்து அரைத்தால் பச்சை நிறமும் நறுமணமும் இரண்டையும் மறைத்துவிடும்.

விதைகளும் ஆகாது என்றால், குழைய வேகவைத்த வெள்ளை பீன்ஸ் ஒன்றரைக் கப்புடன் 3 மேசைக்கரண்டி எண்ணெய், எலுமிச்சைச் சாறு, பூண்டு, உப்பு சேர்த்து நீர் விட்டு அரையுங்கள். பீன்ஸை நன்றாகக் கொதிக்கவைத்து வேகவைப்பது கட்டாயம். வேகாத பீன்ஸிலுள்ள லெக்டின் என்ற புரதம் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும். எதை அரைத்தாலும், வீட்டில் மற்றவர்களுக்காகப் பால் பொருளோ முந்திரியோ அரைத்த ஜாரை அப்படியே பயன்படுத்தாமல், பிளேடின் அடிப்பகுதியும் மூடியின் ரப்பர் வளையமும் உட்பட சோப்பிட்டுக் கழுவுங்கள். முடிந்தால் அவனுக்கென்று தனி ஜார் வைத்துவிடுவது சிறந்தது.

கேள்வி: எள் விழுதில் எலுமிச்சைச் சாற்றை ஊற்றியதும் அது இளகுவதற்குப் பதிலாகக் கல்போல் இறுகிவிட்டது. கெட்டுப்போய்விட்டதா?

பதில்: கெடவில்லை, நீங்கள் பாதி வழியில் நிறுத்திவிட்டீர்கள். எள் விழுது என்பது எண்ணெயில் உலர்ந்த எள் துகள்கள் மிதக்கும் ஒரு கலவை. அதில் சிறிதளவு நீர்த்தன்மை பட்டதும், அந்தத் துகள்களிலுள்ள புரதமும் மாவுப்பொருளும் நீரை உறிஞ்சி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இறுகுகின்றன. அஞ்சாமல் இன்னும் குளிர்ந்த நீரைச் சேர்த்து அடித்துக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் நிலைமை தலைகீழாகி, எண்ணெய் சிறு துளிகளாகப் பிரிந்து நீருக்குள் அமர்ந்துவிடும். அப்போது விழுது வெளுத்து, பளபளப்பாகி, கரண்டியிலிருந்து நாடாபோல் வழியும். அரைக் கப் எள் விழுதுக்குக் கால் கப் எலுமிச்சைச் சாறும், மூன்றில் ஒரு கப் முதல் அரைக் கப் வரை நீரும் பிடிக்கும்.

கசப்பு இருந்தால், அது தோல் நீக்காத எள்ளிலிருந்தோ மிகையான வறுவலிலிருந்தோ வந்திருக்கும். பழைய விழுதாக இருந்தால் எண்ணெய் சிக்குப் பிடித்திருக்கவும் கூடும். முதல் இரண்டும் உப்பாலும் சிறிது இனிப்பாலும் தணியும். சிக்கு வாசனை வந்த விழுதைப் பயன்படுத்தாதீர்கள். இனிப்புக்குத் தேன் சேர்ப்பவர்கள், ஒரு வயது நிறையாத குழந்தைகளுக்குத் தேன் கலந்த எதையும் கொடுக்கக் கூடாது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

கேள்வி: மயோனைஸில் பால் இருக்கிறதா? முட்டையும் இல்லாமல் அதை வீட்டில் செய்ய முடியுமா?

பதில்: முறையான மயோனைஸ் என்பது முட்டை மஞ்சள் கரு, எண்ணெய், புளிப்பு ஆகியவற்றால் ஆனது, அதில் பால் இல்லை. முட்டை பால் பொருள் அன்று என்பதால், பாலை மட்டும் தவிர்ப்பவர்கள் லேபிளைப் பார்த்து அதைப் பயன்படுத்தலாம். ஆனால் முட்டையில்லாதது என்று விற்கப்படும் சில மயோனைஸ்களில் முட்டைக்குப் பதிலாகப் பால் புரதம் சேர்க்கப்படுகிறது. பாலைத் தவிர்ப்பவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான்.

இரண்டும் வேண்டாம் என்பவர்களுக்குச் சோயாப் பால் அருமையாகக் கைகொடுக்கிறது. இனிப்புச் சேர்க்காத சோயாப் பால் 120 மி.லி., வாசனையற்ற எண்ணெய் 240 மி.லி., கடுகு விழுது ஒரு தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி ஆகியவற்றை உயரமான, குறுகிய பாத்திரத்தில் ஊற்றுங்கள். பாலும் எண்ணெயும் அறை வெப்பநிலையில் இருக்க வேண்டும். கைப் பிளெண்டரைப் பாத்திரத்தின் அடியில் ஊன்றி ஓடவிட்டு, அடிப்பகுதி முழுவதும் வெளுத்துக் கெட்டியாகும் வரை அசைக்காதீர்கள். பிறகு மெல்ல மெல்ல மேலே உயர்த்துங்கள். கடைசியில் ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாற்றைக் கலந்தால் இன்னும் இறுகும், ஏனெனில் புளிப்புப் பட்டதும் சோயாப் புரதம் திரள்கிறது. சோயாவிலுள்ள புரதமும் லெசித்தின் என்ற கொழுப்புப் பொருளும் எண்ணெய்த் துளிகளைப் பிடித்து நிறுத்த, கடுகின் மேல்தோலிலுள்ள பசைப்பொருள் அவற்றுக்குத் துணை நிற்கிறது. கடையில் விற்கும் பாதாம் பாலிலும் அரிசிப் பாலிலும் புரதம் மிகக் குறைவு. அவற்றை வைத்து இதே முறையில் முயன்றால் பெரும்பாலும் பிரிந்துவிடும்.

பிரிந்துபோனால் வீசிவிடாதீர்கள். வேறொரு பாத்திரத்தில் ஒரு தேக்கரண்டி கடுகு விழுதும் இரண்டு மேசைக்கரண்டி சோயாப் பாலும் எடுத்துக்கொண்டு, பிரிந்த கலவையைச் சிறு தாரையாக ஊற்றியபடியே அடித்தால் மீண்டும் கூடிவரும்.

சோயாவும் ஆகாதவர்கள் கொண்டைக்கடலை வெந்த நீரை முயலலாம். முட்டை வெள்ளைக் கருபோல் இது நுரைத்து வருவதை 2014-இல் பிரெஞ்சுப் பாடகரான ஜோயல் ரோசல் எடுத்துக்காட்டினார். மறு ஆண்டில் அதற்கு அக்வாஃபாபா என்ற பெயரும் நிலைத்தது. அந்த நீர் முட்டை வெள்ளைக் கருவின் பதத்தில் வழுவழுப்பாக இருக்க வேண்டும். நீர்த்திருந்தால் அடுப்பில் வைத்துச் சுண்டக் காய்ச்சி, ஆறவிட்டுப் பயன்படுத்துங்கள். கால் கப் நீருக்கு முக்கால் கப் எண்ணெய் போதும். பிளெண்டரில் அடிக்கும் எதற்கும் கன்னி ஆலிவ் எண்ணெயை மட்டும் பயன்படுத்தினால் கசப்பேறும். அந்த மணம் வேண்டுமென்றால், வாசனையற்ற எண்ணெயில் அடித்து முடித்த பிறகு ஒரு மேசைக்கரண்டியைக் கையால் கலந்துவிடுங்கள்.

கேள்வி: தேங்காய்ப் பாலில் செய்த டிரெஸ்ஸிங் குளிர்சாதனப் பெட்டியில் கட்டிகட்டியாகிவிடுகிறது. அவகாடோவில் செய்ததோ கறுத்துவிடுகிறது.

பதில்: தேங்காயின் கொழுப்பு சுமார் 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உறையும் தன்மையுடையது, குளிர்ந்த சாலடுக்கு அது பொருந்தாத அடிப்படை என்றே கருதுகிறேன். அவகாடோ கறுப்பது, வெட்டிய சதையிலுள்ள நொதி காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து வேலை செய்வதால். எலுமிச்சைச் சாறு அதை மெதுவாக்குமே தவிர முற்றிலும் நிறுத்தாது. மேற்பரப்பில் தாளைப் படியும்படி ஒட்டி மூடி, அன்றே உண்டுவிடுங்கள்.

கேள்வி: வீட்டில் செய்ததை எத்தனை நாள் வைத்திருக்கலாம்?

பதில்: சுத்தமான, ஈரமற்ற கண்ணாடிப் புட்டியில், 4 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் கீழே வைத்து, 4 அல்லது 5 நாட்களுக்குள் முடித்துவிடுங்கள். மேசையில் 2 மணி நேரத்துக்கு மேல் இருந்ததைத் திரும்ப உள்ளே வைக்க வேண்டாம். பச்சைப் பூண்டு சேர்த்த கலவைகளில் இந்த ஒழுங்கைத் தளர்த்தவே கூடாது. மண்ணிலிருந்து பூண்டில் ஒட்டிவரும் கிளாஸ்டிரிடியம் பொட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள், காற்றுப் புகாத, புளிப்புக் குறைந்த, எண்ணெய் சூழ்ந்த இடத்தில் அறை வெப்பநிலையில் வளர்ந்து, கொடிய நச்சை உண்டாக்கும். அதைக் கண்ணாலோ மூக்காலோ கண்டறிய முடியாமல் போகலாம். அமிலத்தன்மையின் அளவான பிஹெச் 4.6-க்குக் கீழே இருந்தால் அது வளராது என்றாலும், வீட்டில் அதை யாரும் அளப்பதில்லை. ஆகவே குளிரும் குறுகிய காலமுமே காப்பு. நாள்படச் சேமிக்க வேண்டுமென்றால், முந்திரியை நீரோடு மட்டும் அரைத்து உறைநிலையில் வைத்து, தேவையானபோது இளகவைத்து மீண்டும் ஒருமுறை அரைத்துக்கொள்ளுங்கள். மயோனைஸ் வகைகளை உறையவைத்தால் பனிப் படிகங்கள் துளிகளின் உறையைக் கிழித்து எண்ணெயைப் பிரித்துவிடும்.

கேள்வி: உடல் எடையைக் குறைக்க முயல்கிறேன். எண்ணெயும் கொட்டையும் துளிகூட இல்லாமல் செய்யலாமா?

பதில்: வேகவைத்த காலிஃபிளவரையோ சோயாப் பாலைத் திரித்துச் செய்யும் மென்மையான டோஃபுவையோ எலுமிச்சைச் சாற்றோடு அரைத்தால் கொழுப்புக் குறைந்த, ஏற்கத்தக்க டிரெஸ்ஸிங் கிடைக்கும். ஆனால் கொழுப்பை அடியோடு நீக்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கேரட்டிலுள்ள பீட்டா கரோட்டினும், கீரைகளிலுள்ள கே வைட்டமினும் கொழுப்பில் கரைபவை. உணவில் கொழுப்பு சிறிதேனும் இருந்தால்தான் உடல் அவற்றைச் சரிவர ஏற்றுக்கொள்ளும். அளவைக் குறையுங்கள், பொருளைக் கைவிட வேண்டாம்.

கேள்வி: புட்டியில் கெட்டியாக இருக்கும் டிரெஸ்ஸிங், சாலடில் கலந்ததும் நீர்த்துக் கிண்ணத்தின் அடியில் தேங்கிவிடுகிறது. ஏன்?

பதில்: காரணம் பெரும்பாலும் டிரெஸ்ஸிங்கில் இல்லை, இலையில் இருக்கிறது. கழுவிய இலைகளில் நீர் ஒட்டியிருந்தால் டிரெஸ்ஸிங் பற்றிக்கொள்ள இடமின்றி வழுக்கி இறங்கிவிடும். சுத்தமான துணியில் பரப்பி ஈரம் போக ஒற்றி எடுத்த பிறகே கலக்க வேண்டும். வெள்ளரிக்காயும் தக்காளியும் உப்புப் பட்டதும் நீரை வெளியே விடுபவை. நறுக்கிய வெள்ளரிக்காயில் சிறிது உப்பைத் தூவிக் கால் மணி நேரம் வடிதட்டில் வைத்து, கசிந்த நீரை ஒற்றிவிட்டுச் சேர்த்தால் கிண்ணம் குளமாகாது. அவ்வாறு செய்தால் டிரெஸ்ஸிங்கில் உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். மென்மையான லெட்யூஸ் இலைகள் கெட்டியான டிரெஸ்ஸிங்கின் கனத்தைத் தாங்காமல் துவண்டுவிடும் என்பதால், அவற்றுக்கு நீர் சேர்த்து இளக்கியதை, பரிமாறும் நேரத்தில் மட்டும் கலக்க வேண்டும். முட்டைக்கோஸ் போன்ற உறுதியான இலைகளுக்குக் கெட்டியாகவே ஊற்றி, பத்து நிமிடம் முன்பாகக் கலந்து வைத்தாலும் நன்றாக இருக்கும். நான்கு பேருக்கான கிண்ணத்துக்கு முதலில் 4 மேசைக்கரண்டி மட்டும் ஊற்றிக் கைகளால் மெல்லப் புரட்டுங்கள். எல்லா இலைகளிலும் மெல்லிய பூச்சு ஏறிவிட்டால் அதுவே போதிய அளவு, மிச்சத்தைத் தனிக் கிண்ணத்தில் மேசையில் வைத்துவிடலாம்.